மாறுகண் கார்

பானெட்டைத் தூக்கிக் கம்பியில் நிறுத்தியபோதே, இதெல்லாம் ஒரு வேலையா என்ற எண்ணம் துளைக்காரனுக்கு வந்துவிட்டது. கல் குவாரியில் டிரில் மிஷின் பிடித்துப் பாறையில் ஆள் உயரத்துக்குத் துளை இறக்குகிறவன் அவன். அந்தத் துளையில் மருந்து வைத்து வெடித்தால் வீடு அளவு கல் பெயர்ந்து விழும். அப்பேர்ப்பட்டவனுக்கு முன்னால் ஒரு பழைய காரின் இடது பக்கத்து விளக்கு, அதற்குள் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு பல்பு.

"பல்லு குத்துற வேலை," என்றான் மனைவியிடம்.

"பல்லையாவது என்னிக்கு ஒழுங்கா குத்தினீங்க. மெக்கானிக்கிட்ட விட்டிருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும்."

அவள் தையல்காரி. குவாரி ரோட்டைத் தாண்டி இருக்கிற சீருடைக் கம்பெனியில் காஜா எடுப்பதும் பொத்தான் வைப்பதும் அவள் பிரிவு. சாயங்காலம் வேலை விடுகிற நேரத்தில் அந்தப் பக்கம் பஸ் கிடையாது என்பதால்தான் இந்தக் காரையே வாங்கினார்கள். ஓட்டுவது அவள்தான். துளைக்காரனுக்கும் ஓட்டத் தெரியும். ஆனால் அவன் ஓட்டினால், பக்கத்து இருக்கையில் இல்லாத பிரேக்கை அவள் மிதித்து மிதித்துக் கால் வலி வந்துவிடும் என்பாள்.

பல்பு விற்ற கடைக்காரர் விவரமாகத்தான் சொல்லி அனுப்பியிருந்தார். கண்ணாடியில் விரல் படக்கூடாது, கைப்பிசுக்கு ஒட்டினால் சூட்டில் பல்பு போய்விடும், துணியால் பிடித்துப் போடுங்கள் என்றார். பல்பின் அடியில் மூன்று காது மாதிரி தகடு நீட்டிக்கொண்டிருக்கும், ஒவ்வொரு காதும் அதனதன் பள்ளத்தில் உட்கார வேண்டும், பிறகு கம்பி கிளிப்பைத் தள்ளினால் 'டிக்' என்று சத்தம் வரும் என்றார். துளைக்காரன் முதலில் சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். துவைத்த துணியாகக் கேட்டு வாங்கி, பிறந்த குழந்தையைத் தூக்குகிற மாதிரி பல்பை எடுத்தான். கண்ணாடி மேல் ஒரு தூசி படவில்லை. ஆனால் காது, பள்ளம், கிளிப் எல்லாம் விளக்குக்குப் பின்னால், பேட்டரிக்கும் தகரத்துக்கும் நடுவில் இருந்த சந்தில் இருந்தன. கை நுழையும், கண் நுழையாது. அங்கே விரல் நுனிதான் பார்க்க வேண்டும்.

துளைக்காரனின் விரல் நுனி செத்து வெகுகாலம் ஆகிவிட்டது.

டிரில் மிஷின் நாள் முழுக்க உதறுகிற உதறலில் முதலில் சுண்டுவிரல் மரத்தது. அப்புறம் ஒவ்வொன்றாக. குளிர்ந்த காலையில் விரல்கள் மெழுகுவர்த்தி மாதிரி வெளுத்துப் போகும். டம்ளரைப் பிடித்திருக்கிறோமா விட்டுவிட்டோமா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்வான். இது வெளியே தெரிந்தால் மிஷினைப் பிடுங்கிவிட்டுக் கையில் துடைப்பத்தைக் கொடுப்பார்கள், இல்லையென்றால் வீட்டுக்குப் போ என்பார்கள். அதனால் வீட்டிலும் சொல்லவில்லை. கொஞ்சம் மரத்துப்போகும், வேலை அப்படி, என்று தையல்காரிக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான்.

துணியோடு பல்பை உள்ளே விட்டான். சுற்றினான். எதிலோ உட்கார்ந்த மாதிரி இருந்தது. கிளிப்பைத் தள்ளினான், அதுவும் எங்கோ போய் நின்றது. 'டிக்' சத்தம் வந்ததா என்றால், டிரில் பக்கத்தில் நின்று நின்று அவன் காதும் பாதிதான். வந்திருக்கும் என்று வைத்துக்கொண்டான். ரப்பர் மூடியை மாட்டினான், வயரைச் செருகினான்.

"போடு பாக்கலாம்."

தையல்காரி சாவியைத் திருகி விளக்கைப் போட்டாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கார் நின்ற சந்தில் எதிர்வீட்டு மதில் இருக்கிறது. வலது விளக்கின் வெளிச்சம் மதிலில் முட்டி உயரத்தில் மட்டமாக விழுந்தது. இடது பக்கத்தது மதிலைத் தாண்டி ஏறி, எதிர்வீட்டு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி வரை பளிச்சென்று காட்டியது.

துளைக்காரனுக்குப் பெருமை பிடிபடவில்லை. குவாரியில் வெளிச்சம் என்றால் மேலேதான் போக வேண்டும். விடிவதற்கு முன் உள்ளே இறங்குகிறவர்களுக்குத் தலைக்கு மேல் பாறையில் எந்தக் கல் தொங்குகிறது என்று தெரிந்தாக வேண்டும். அதற்காக அங்கே லோடர் வண்டியின் விளக்குகளையெல்லாம் வானத்தைப் பார்க்கத் திருப்பி வைத்திருப்பார்கள். தரையில் விழுகிற வெளிச்சத்தை அங்கே யாரும் மதிப்பதில்லை. அந்தக் கண்ணோடுதான் அவன் மதிலைப் பார்த்தான்.

"எப்படி அடிக்குது பாத்தியா."

"அது மட்டமா இருக்கு, இது மட்டும் ஏன் இப்படி ஏறுது?"

"இது புதுசு. அது சோந்து போச்சு. பின்னாடி அதையும் மாத்திப்போம்."

அவள் விளக்கைத் திரும்ப ஒருமுறை பார்த்தாள். துணியைப் பார்த்தாள். "என் நல்ல துணியில கரி ஆக்கிட்டீங்க," என்று அதோடு விட்டுவிட்டாள்.

மறுநாள் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள். "என்னன்னு தெரியல, எதிர்ல வர்றவனெல்லாம் லைட்டை மினுக்கி மினுக்கிக் காட்டுறான்."

"உன் அழகைப் பாத்துதான்."

"ஆமா, இத்தனை வருஷம் கண்ணு தெரியாம இருந்தானுங்க." அவளும் சிரித்தாள். "குவாரி வளைவுல பைக்குல ஒருத்தன், கையைத் தூக்கி மூஞ்சிய மறைச்சுக்கிட்டான். ஏதோ கல்யாணப் பொண்ணு வெக்கப்படுற மாதிரி."

துளைக்காரன் வாய்விட்டுச் சிரித்தான். பின்னாளில் அவன் நினைத்து நினைத்துக் கூசிப்போனது அந்தச் சிரிப்புக்குத்தான்.

பைக்கில் வந்தவன் சேவல்.

சேவல் என்பது குவாரியில் வைத்த பெயர். கடப்பாரை பிடிக்கிறவன் அவன். துளைக்காரன் துளை போடும்போது மேலே கயிற்றில் தொங்கிக்கொண்டு, ஆட்டம் கண்ட கல்லைக் கடப்பாரையால் நெம்பித் தள்ளுவது அவன் வேலை. கல் பெயர்ந்தால் கீழே இருப்பவர்களுக்கு அவன் போடுகிற கூச்சல்தான் சைரன். அந்தத் தொண்டைக்காகத்தான் அந்தப் பெயர். டிரில் சத்தத்தையும் மீறி, பாதிச் செவிடான துளைக்காரன் காதில் விழுகிற ஒரே குரல் அது. அதைக் கேட்டு விலகியதால்தான் துளைக்காரன் இன்றைக்கும் இரண்டு காலோடு நடக்கிறான். சேவல் அவனை மச்சான் என்பான், இவன் அவனை மாப்ள என்பான். ரத்த உறவு ஒன்றும் இல்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு உறவாகிப் போனதுதான்.

சேவலுக்கு மட்டும் விரல் சங்கதி தெரியும். குளிர்காலக் காலைகளில் கொட்டகையில் எல்லாரும் சட்டை மாற்றும்போது, "என் மச்சான் மாப்பிள்ளைக் கோலத்துல இருக்கான், நான்தான் அலங்காரம் பண்ணுவேன்" என்று கேலி பேசிக்கொண்டே துளைக்காரனின் பொத்தான்களை மாட்டிவிடுவான். மற்றவர்கள் அதை ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரிப்பார்கள். வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனி டாக்டர் வருவார். டிரில் பிடிக்கிறவர்களைக் கண்ணை மூடச் சொல்லி விரல் நுனியில் ஊசியால் தொடுவார், தொடும்போது சொல்ல வேண்டும். வரிசையில் பின்னால் நிற்கிற சேவலுக்கு அன்றைக்கென்று இருமல் வந்துவிடும். ஊசி படும்போதெல்லாம் ஒரு இருமல். "இருக்கு, இருக்கு," என்பான் துளைக்காரன். "உனக்கு முதல்ல நெஞ்சைப் பாக்கணும்," என்று டாக்டர் சேவலைத் திட்டுவார்.

அந்தச் சேவல்தான் குவாரி வளைவில் ரோட்டை விட்டு இறங்கி, கல் கொட்டிய பள்ளத்தில் விழுந்து, காறை எலும்பும் ஒரு காலும் முறிந்து கிடந்தான். பின்னால் லாரியில் வந்தவர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். ரோடு காய்ந்திருந்தது. குழி இல்லை, மணல் இல்லை. இடித்த வண்டி என்று எதுவும் இல்லை. அப்படியானால் குடித்துவிட்டு விழுந்திருக்கிறான் என்று ஊர் தீர்மானித்துவிட்டது. சேவல் ஒரு காலத்தில் மொடாக் குடியன். விட்டுவிட்டான். மனைவி தாலியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பிய அன்று விட்டது, பிறகு தொடவில்லை. விட்டதை ஊர் அவ்வளவாகக் கவனிக்கவில்லை, விழுந்ததைக் கவனித்தது.

துளைக்காரன் ஆரஞ்சுப் பழங்களோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, சேவல் கட்டில் மேல் கட்டுகளுக்குள் கிடந்தான். அவன் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தாள்.

"வா மச்சான். பழத்தை உரிச்சுக் குடு."

துளைக்காரன் நகத்தை வைத்துப் பார்த்தான். பழம் உருண்டு தரையில் விழுந்தது. சேவல் சிரித்து, அந்த வலியில் முகத்தைச் சுளித்து, நல்ல கையால் ஒன்றை வாங்கிப் பல்லால் கடித்துத் தோலைக் கிழித்தான். ஒரு சுளையைத் துளைக்காரன் கையிலும் வைத்தான்.

"நீயாவது நம்பு மச்சான். எவனோ ஒருத்தன் வண்டி. ஒரு கண்ணு ரோட்டைப் பாக்குது, இன்னொரு கண்ணு நேரா என் மூஞ்சியைப் பாக்குது. மாறுகண் கார். வெள்ளையா ஆயிடுச்சு எல்லாம். கையைத் தூக்கிக் கண்ணை மறைச்சேன். அவ்வளவுதான் தெரியும். அடுத்தாப்ல வாயில கல்லு."

துளைக்காரன் வாயில் போட்ட சுளையை மெல்லாமலே விழுங்கினான். கையைத் தூக்கி மூஞ்சியை மறைத்தவன். குவாரி வளைவு. கல்யாணப் பொண்ணு.

"எந்தக் கலர் கார்?" என்று கேட்டான். கேட்ட மாத்திரத்தில், அதை ஏன் கேட்டோம் என்று அவனுக்கே தெரிந்தது. மாட்டிக்கொள்வோமா என்று பார்க்கத்தான் கேட்டான்.

"வெளிச்சத்துக்கு ஏதுய்யா கலர்."

ஜன்னல் பக்கம் நின்றவள் திரும்பினாள். "கேட்டீங்களாண்ணே. காருக்கு மாறுகண்ணாம். போன தடவை ரோட்டுல மாடு பறந்துச்சு. அதுக்கு முந்தி கரண்டு கம்பம் குறுக்க நடந்து வந்துச்சு. இப்ப கார் இவரை மொறைச்சுப் பாத்துச்சாம்."

"இல்லடி, சத்தியமா."

"சத்தியத்தை எடுக்காத. எடுத்து எடுத்து அதுல ஒண்ணும் மிச்சம் இல்ல." அவள் குரல் ஏறவில்லை. அதுதான் கேட்க முடியாமல் இருந்தது. "நீங்களே சொல்லுங்கண்ணே. உங்களுக்குத் தெரியாம இவர் எதுவும் பண்ண மாட்டாரு. குடிச்சாரா இல்லையா?"

இரண்டு பேரும் அவனைப் பார்த்தார்கள். சேவலின் பார்வையில் சந்தேகமே இல்லை. மச்சான் சொல்வான் என்று சுளையை மென்றுகொண்டிருந்தான்.

"நான் அன்னிக்கு லாரியில முன்னாடியே வந்துட்டேனே தங்கச்சி," என்றான் துளைக்காரன்.

பொய் இல்லை. ஆனால் சேவல் மெல்வதை நிறுத்திவிட்டான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் துளைக்காரன் தனக்குத்தானே வக்கீலாகி வாதாடினான். வேணும்னு செய்ததா? இல்லை. அவள் ஓட்டியதில் தப்பு உண்டா? இல்லை. இப்போது போய்ச் சொன்னால் முறிந்த எலும்பு கூடிவிடுமா? சொன்னால், ஏன் பல்பு கோணலாக உட்கார்ந்தது என்ற கேள்வி வரும். விரல் வரும். அப்புறம் எந்த இருமலும் டாக்டரை ஏமாற்றாது. மிஷின் போகும். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வக்கீல் பேசப் பேச, எதிரே ஒருவன் சுளையை வாயில் வைத்துக்கொண்டு மெல்லாமல் கிடந்தான்.

அன்று தையல்காரிக்கு விடுமுறை, கார் சந்தில் நின்றது. வந்ததும் பானெட்டைத் தூக்கினான். சரியாக உட்காரவைத்துவிடலாம் என்று கையை விட்டான். கை உள்ளே போனதுதான் தெரியும், போன இடத்தில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. திருகினான், தள்ளினான், நெற்றியைத் தகரத்தில் முட்டிக்கொண்டான். கடைசியில் பல்பையே பிடுங்கி எடுத்து, கொல்லைப்புறக் குப்பைத் தொட்டியில் போட்டான்.

"மறுபடியும் போயிடுச்சு," என்றான் தையல்காரியிடம்.

"என்னது? போட்டு ஒரு வாரம் கூட ஆகல."

"கடைக்காரன் மட்டமான சரக்கைத் தலையில கட்டிட்டான்."

ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அது போய் ஓர் ஓரமாக உட்காராது, நாலு இடத்துக்கு நடக்கும். மறுநாள் தையல்காரி வேலைக்குப் போகிற வழியில் கடைக்காரரைக் கடை வாசலிலேயே நிறுத்தி, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டாள். பழைய பல்பைக் கொண்டு வாங்கம்மா என்று அவர் சொன்னதற்கு, அதை வேற நான் தாலாட்டி வச்சிருக்கணுமா என்றாளாம். வாடிக்கையாளர்கள் முன்னால் மனுஷன் முகம் செத்துப் போய், வேறொரு பல்பைச் சும்மாவே எடுத்துக் கொடுத்திருக்கிறார். சாயங்காலம் வந்து சமையலறை மேடையில் அந்த அட்டைப்பெட்டியை டக்கென்று வைத்தாள்.

"வாங்கிட்டு வந்தேன் பாருங்க. ஏமாத்தினா சும்மா விடுவேனா."

கடைக்காரர் பாவம், நல்ல மனுஷன். பேருக்கு ஒரு புன்னகையாவது செய்யாமல் யாரையும் அனுப்ப மாட்டார். துளைக்காரன் பெட்டியைத் தொடாமல் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நாளைக்குப் போட்டுடுங்க. ஒத்தைக் கண்ணோட எத்தனை நாள் ஓட்டுறது," என்றவள், அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே சொன்னாள். "அண்ணி அக்கா வீட்டுக்குப் போறாங்களாம். நாளைக்குக் கிளம்புறாங்க."

"யாரு?"

"சேவல் பொண்டாட்டிதான், வேற யாரு. இனிமே முடியாதுன்னுட்டாங்க. பாவம் அவங்களும் எவ்வளவுதான் பாப்பாங்க. மேஸ்திரியும் சொல்லிட்டாராம், குடிச்சிட்டுக் கயித்துல தொங்குறவன் நமக்கு வேண்டாம், வேற ஆள் பாத்தாச்சுன்னு. எலும்பு கூடி எழுந்து வந்தா வீட்டுல ஆளும் இருக்காது, வெளியில வேலையும் இருக்காது." கரண்டியை எடுத்துக் கழுவினாள். "திருந்தின மனுஷன்னு நானும் நம்பினேன்."

"அவன் குடிக்கல."

"நீங்க பாத்தீங்களா?"

அவன் அட்டைப்பெட்டியைச் சுவர் ஓரமாகத் தள்ளி வைத்தான். அவள் திரும்பிப் பார்த்து, நண்பனுக்காகப் பேசுகிறான் என்று எடுத்துக்கொண்டாள். அவன் முகத்தில் தெரிந்ததற்கு நல்ல பெயர்தான் வைத்தாள். அதையும் அவன் வாங்கிக்கொண்டான்.

மறுநாள் குவாரியில் மேலே கயிற்றில் புது ஆள் தொங்கினான். வாட்டசாட்டமான ஆள். கல் ஒன்று பெயர்ந்தபோது அவனும் கத்தினான்தான். துளைக்காரனுக்குக் கேட்கவில்லை. பக்கத்திலிருந்தவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். கல் மிஷினுக்குப் பக்கத்தில் விழுந்து சிதறி, தூள் அவன் பூட்ஸின் மேல் படிந்தது. அவன் மிஷினை நிறுத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான். பயத்தில் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். சேவலின் தொண்டையை இந்தப் பாறையிலிருந்து இறக்கிவிட்டது யார் என்று ஒருவனுக்குத்தான் தெரியும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அட்டைப்பெட்டியைப் பிரித்தான். துணி கேட்கவில்லை. பல்பைச் சந்துக்குள் விட்டு முன்பு மாதிரியே சுற்றி, முன்பு மாதிரியே எதிலோ நிறுத்தி, கிளிப்பைத் தள்ளினான். சரியாகப் போடத்தான் அவன் விரலுக்கு வராது. தப்பாகப் போட அது கைவந்த விரல். விளக்கைப் போட்டுப் பார்த்தான். வெளிச்சம் மதிலைத் தாண்டி ஏறி, தண்ணீர்த் தொட்டியில் போய் நின்றது.

சேவலின் வீடு அதே சந்தின் மறுகோடியில். வாசலில் ஒரு பையும் ஒரு பெட்டியும் கட்டித் தயாராக இருந்தன.

"தங்கச்சி, ரெண்டு நிமிஷம் எங்க வீடு வரைக்கும் வரணும்."

"சமாதானம் பேசவா? வேண்டாம்ணே. நிறைய பேசியாச்சு."

"பேச இல்ல. ஒண்ணு பாக்கணும்."

அவன் முகத்தைப் பார்த்து அவள் மறுக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். காருக்கு நேர் எதிரே கொஞ்சம் தள்ளி, சாக்கடை ஓரத்தில் அவளை நிறுத்தினான். அப்போதுதான் துணி மடித்துக்கொண்டிருந்த தையல்காரியை வெளியே கூப்பிட்டு ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொன்னான்.

"எங்க போறோம்?"

"எங்கயும் இல்ல. நான் சொன்னதும் டிம் லைட்டைப் போடு." பிறகு சேவலின் மனைவியைப் பார்த்துச் சொன்னான். "நீ அங்கிருந்து காரைப் பாத்து நடந்து வாம்மா. சாதாரணமா வா."

இருட்டத் தொடங்கியிருந்தது. அவள் நடந்து வந்தாள். "போடு," என்றான்.

அவள் ஓரடி வைத்தாள். இரண்டாவது அடியில் கை தானாக உயர்ந்து முகத்தை மறைத்தது. மூன்றாவது அடி சாக்கடை விளிம்பில் பட்டு மடங்கியது. விழுந்திருப்பாள், மதிலைப் பிடித்துக்கொண்டாள்.

விளக்கு அணைந்தது. துளைக்காரன் சொல்லி அணையவில்லை. இருக்கையில் தையல்காரி இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, எதிரே உயர்ந்து நின்ற அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையை அவள் முன்னமே பார்த்திருக்கிறாள். அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

எதிர்வீட்டு ஜன்னலில் யாரோ வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனார்கள்.

"அந்த மாறுகண் கார் இதுதான்," என்றான் துளைக்காரன். "பல்பைக் கோணலா போட்டது நான். அவன் குடிக்கல."

தையல்காரி கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். "நான் ஓட்டினேன். அண்ணி, நான்தான் ஓட்டினேன். எனக்குத் தெரியாது." திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். "யோவ், நான் அந்தக் கடைக்காரரை அவ்வளவு பேச்சுப் பேசிட்டு வந்தேன்யா."

சேவலின் மனைவி மதிலை விட்டுவிட்டு நேராக நின்றாள். கண்ணில் இன்னும் வெளிச்சம் ஆடிக்கொண்டிருந்தது போல, இமைத்து இமைத்து அவனைத் தேடினாள்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

இன்றைக்குத்தான் என்று சொல்லிவிடலாம். வாய் வரை வந்தது.

"ஆஸ்பத்திரியில அவன் சொன்னப்பவே."

"நான் உங்களைக் கேட்டேன். அவர் முன்னாடி வச்சுக் கேட்டேன்."

"ஆமா."

"அந்தப் பழத்தைத் தின்னுக்கிட்டு நின்னீங்க."

"ஆமா தங்கச்சி."

"தங்கச்சின்னு கூப்பிடாதீங்க," என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள், பையைக் கொஞ்சம் நகர்த்தி வையுங்கள் என்கிற மாதிரி.

அவனுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பானெட்டைத் தூக்கினான். தப்பை எடுத்து வெளியே போட்டுவிட வேண்டும் போல இருந்தது. வயரைப் பிடுங்கி, மூடியை உரித்து, சந்துக்குள் கையை விட்டுப் பல்பை வெறும் விரலால் பற்றி இழுத்தான்.

"சூடா இருக்கும், இப்பதானே எரிஞ்சது," என்றாள் தையல்காரி.

அவன் பல்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். தோல் கருகுகிற நெடி முதலில் வந்தது அவர்கள் இரண்டு பேருக்கும். அதற்குப் பிறகுதான் அவனுக்கு. தையல்காரி தோளில் கிடந்த துணியை அடியில் பிடித்துக்கொண்டு அவன் மணிக்கட்டில் ஓங்கி அடிக்க, பல்பு அதில் விழுந்தது.

"சுடலையா?"

"இல்ல."

"கொஞ்சம் மரத்துப்போகும்னுதானே சொன்னீங்க."

விரல் நுனிகளில் தோல் வெள்ளையாக எழும்பிக்கொண்டிருந்தது. வேறு யாருடைய கையோ மாதிரி அதைப் பார்த்தான்.

"எனக்குத் தெரியும்," என்றாள் சேவலின் மனைவி. "அவர் சொல்லியிருக்காரு. யார்கிட்டயும் மூச்சு விடாதே, மச்சான் பொழைப்புப் போயிடும்னு. நானும் விடல." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆஸ்பத்திரியில எத்தனை மணி வரைக்கும் உள்ள விடுவாங்க?"

"இப்பவே கிளம்பினா பாத்துடலாம். வாங்க அண்ணி, நான் கொண்டு விடுறேன்," என்றாள் தையல்காரி.

"இந்த வெளிச்சத்தோடயா?"

தையல்காரி பல்பு ஆறுகிற வரை துணியால் பொத்தி வைத்திருந்து, அதன் மேலிருந்த கைப்பிசுக்கை நன்றாகத் துடைத்தாள். சந்துக்குள் கையை விட்டாள். ஊசிக்கண்ணில் நூல் கோக்கிறபோது செய்வது போல உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு, விரலால் தேடினாள். ஒரு காது, இன்னொரு காது, மூன்றாவது. கிளிப்பைத் தள்ளினாள்.

"கேட்டுச்சா?" என்றாள்.

"இல்ல."

"எங்களுக்குக் கேட்டுச்சு."

விளக்கைப் போட்டாள். இரண்டு வெளிச்சமும் மதிலில் முட்டி உயரத்தில், ஒரே மட்டத்தில் விழுந்தன. தண்ணீர்த் தொட்டி இருட்டில் இருந்தது.

சேவலின் மனைவி முன்னால் உட்காரவில்லை. பின் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். துளைக்காரன் மறுபக்கக் கதவில் கை வைத்தான்.

"நீங்க வேண்டாம்," என்றாள். "நீங்க போக வேண்டிய இடம் மேஸ்திரி. காலையில முதல் வேலையா போங்க. லைட்டுன்னு மட்டும் சொன்னா நம்ப மாட்டாங்க, யாரோ பழகினவனுக்காகக் கதை கட்டுறான்னுடுவாங்க. விரலையும் காட்டுங்க."

"காட்டுறேன்."

கார் சந்தைத் தாண்டித் திரும்பியது. சேவல் வீட்டு வாசலில் பையும் பெட்டியும் வெளியிலேயே கிடந்தன. யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று துளைக்காரன் அவற்றுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். விரல்களில் கொப்புளம் திரண்டது. வலித்தாலாவது தேவலை என்று இருந்தது. வலிக்கவில்லை.

தையல்காரி தனியாகத்தான் திரும்பி வந்தாள். அண்ணி அங்கேயே தங்கிவிட்டதாகச் சொன்னாள். பையையும் பெட்டியையும் ஆளுக்கொன்றாகத் தூக்கி, திறந்து கிடந்த வீட்டுக்குள் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

"என்ன சொன்னான்?"

"அண்ணிதான் எல்லாம் சொன்னாங்க. நானும் கையைப் பிடிச்சு அழுதேன். உன் மேல என்ன தப்பு, அழாதேன்னாரு."

"என்னைப் பத்தி?"

அவள் யோசித்தாள். பூசி மெழுகுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. "ஆரஞ்சுப் பழம் இனிமே வாங்கிட்டு வர வேண்டாம்னு சொல்லச் சொன்னாரு."

"கேலியா சொன்னானா?"

"இல்ல. சிரிக்கல."

சேவல் சிரிக்காமல் ஒன்றைச் சொல்லித் துளைக்காரன் கேட்டதே இல்லை. எலும்பு முறிந்து கிடந்த அன்றைக்கும் சிரித்தவன்.

காலையில் குளிர் அதிகமாக இருந்தது. கட்டுப் போட்ட விரல்களோடு சட்டையை மாட்டிக்கொண்டு நின்றான். தையல்காரி எதிரே வந்து நின்று, கம்பெனியில் ஆயிரம் சட்டைக்குப் போடுகிற வேகத்தில் பொத்தான்களை மேலிருந்து கீழே போட்டுவிட்டாள். அவன் கண்ணை அவள் பார்க்கவில்லை.

குவாரி அலுவலகத்தில் மேஸ்திரி ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். "என்னய்யா, மிஷின் ஸ்டார்ட் ஆகலையா?" என்றார் நிமிராமல்.

துளைக்காரன் கதவைச் சாத்திவிட்டு வந்து, இரண்டு கைகளையும் அவர் மேசை மேல் விரித்து வைத்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

"ஒரு குண்டூசி எடுங்க," என்றான். "எடுத்து எங்க வேணாலும் குத்துங்க. அப்புறம் சேவல் எப்படி விழுந்தான்னு சொல்றேன்."

பின்னால் இரும யாரும் இல்லை.